கணினியில் விளையாட கேம் கன்ட்ரோலர்: முதன்முறை வாங்குவோருக்கான வழிகாட்டி

கன்ட்ரோலர் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது வடிவத்தையும் நிறத்தையும் விளக்குகளையும். அது கணினியோடு எந்த முறையில் பேசுகிறது என்பதைக் கடைசியாகத்தான் பார்க்கிறார். இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டால் வாங்கும் முன்பே பாதித் தலைவலி தீர்ந்துவிடும். பெட்டியில் ‘பிசியில் இயங்கும்’ என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் பொய் இல்லை. விண்டோஸ் அதை அடையாளம் காணும், விளக்கும் எரியும். ஆனால் கேமைத் திறந்தால் அங்கே எந்தப் பட்டனுக்கும் அசைவு இருக்காது. புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான் என்பதால் அங்கிருந்தே தொடங்குவோம்.

எக்ஸ்-இன்புட் இருக்கிறதா?

விண்டோஸில் கேம்கள் கன்ட்ரோலரைப் படிக்க நெடுங்காலமாக இரண்டு வழிகள் இருக்கின்றன. பழைய வழி டைரக்ட்-இன்புட். அதில் ‘ஒன்றாம் எண் பட்டன் அழுந்தியது, மூன்றாம் அச்சு நகர்ந்தது’ என்ற அளவில்தான் தகவல் போகும். ஒன்றாம் எண் என்பது எந்தப் பட்டன் என்று கேமுக்குத் தெரியாது. விளையாடுபவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது மைக்ரோசாஃப்ட் எக்ஸ்-இன்புட்டைக் கொண்டுவந்தது. இதில் எல்லாமே முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டவை: கட்டைவிரலால் சாய்க்கும் இரண்டு ஸ்டிக், சுட்டுவிரலால் இழுக்கும் இரண்டு ட்ரிகர், ஏ-பி-எக்ஸ்-ஒய் என நான்கு பட்டன், ட்ரிகர்களுக்கு மேலே இரண்டு பம்பர், நான்கு திசைகளுக்கான ஒரு டி-பேட். எந்தப் பட்டன் எது என்று கேமுக்கு முதல் நொடியிலேயே தெரியும். அதன்பின் வந்த பெரும்பாலான கணினி கேம்கள் இதை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. திரையில் ‘ஏ அழுத்தவும்’ என்று வருவதும் இதனால்தான்.

ஆகவே முதல் கன்ட்ரோலர் எக்ஸ்-இன்புட்டில் இயங்குவதாக இருக்கட்டும். எக்ஸ்பாக்ஸ் 360 முதல் வந்த எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்கள் எல்லாமே அப்படித்தான். 8பிட்டூ, குலிகிட் போன்ற நிறுவனங்களின் கன்ட்ரோலர்களில் பல, ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளில் இயங்கும்: எக்ஸ்-இன்புட், டைரக்ட்-இன்புட், நின்டெண்டோ ஸ்விட்ச் என்று மாற்றிக்கொள்ளலாம். சிலவற்றில் பின்பக்கம் சிறு நகர்த்தும் சுவிட்ச் இருக்கும். 8பிட்டூவின் பல மாடல்களில் ஸ்டார்ட் பட்டனோடு எக்ஸ் பட்டனைச் சேர்த்துப் பிடித்து ஆன் செய்தால் விண்டோஸுக்கான முறையில் எழும். வாங்கிய அன்று ‘கேமில் வேலை செய்யவில்லை’ என்று திருப்பி அனுப்பத் தோன்றினால், அதற்கு முன் இந்த முறை சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எக்ஸ்-இன்புட்டுக்கும் எல்லைகள் உண்டு. ஒரே நேரத்தில் நான்கு கன்ட்ரோலர்கள்தான். கைரோ (கன்ட்ரோலரை அசைப்பதை உணரும் சென்சார்), டச்பேட் இரண்டும் அதன் பட்டியலிலேயே இல்லை. பின்பக்கம் கூடுதலாக வரும் பட்டன்களுக்கும் அதில் தனி இடம் இல்லாததால், அவை முன்பக்கம் இருக்கும் ஏதோ ஒரு பட்டனின் நகலாக மட்டுமே வேலை செய்யும். ‘நான்கு கூடுதல் பட்டன்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து, கேமில் நான்கு புதிய வேலைகளை அவற்றுக்குக் கொடுக்கலாம் என்று எண்ண வேண்டாம். கட்டைவிரலை ஸ்டிக்கிலிருந்து எடுக்காமல் ஏ-யை அழுத்தலாம் என்பதுதான் அவற்றின் பயன். சில கேம்களில் அது பெரிய பயன்தான்.

ப்ளேஸ்டேஷன், நின்டெண்டோ கன்ட்ரோலர்கள் எக்ஸ்-இன்புட்டில் பேசுவதில்லை. அவற்றுக்கு இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் செயலியில் அந்த வேலையைச் செய்வது ஸ்டீம் இன்புட். 2016 முதல் ப்ளேஸ்டேஷன் 4-இன் டூயல்ஷாக் 4-ஐயும், 2018 முதல் நின்டெண்டோவின் ஸ்விட்ச் ப்ரோவையும், 2020 முதல் ப்ளேஸ்டேஷன் 5-இன் டூயல்சென்ஸையும் அது ஏற்கிறது. உங்கள் கேம்கள் எல்லாம் ஸ்டீமில் இருந்தால் இந்த மூன்றில் எதை வாங்கினாலும் சிரமம் இல்லை. வேறு கடைகளில் வாங்கிய கேம்களையும் ஸ்டீமின் நூலகத்தில் ‘ஸ்டீம் அல்லாத கேம்’ என்று சேர்த்து அங்கிருந்து திறக்கலாம். பெரும்பாலும் வேலை செய்யும்; ஆனால் கேமைத் தன் சொந்த லாஞ்சர் (கேமைத் திறந்துவிடும் தனிச் செயலி) வழியாகத் திறக்கும் சிலவற்றில் தகராறு செய்யும். அந்தக் கேம்கள்தான் அதிகம் என்றால் எக்ஸ்-இன்புட் கன்ட்ரோலரே நிம்மதி.

ஆப்பிள் கணினிகளில் 2019இல் வந்த கேட்டலீனா பதிப்பிலிருந்து எக்ஸ்பாக்ஸ், ப்ளேஸ்டேஷன் கன்ட்ரோலர்களுக்கு நேரடி ஆதரவு உண்டு. லினக்ஸில் எக்ஸ்பாக்ஸுக்கும் டூயல்சென்ஸுக்கும் டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்தே வருகிறது.

எந்தக் கேமுக்கு என்ன வேண்டும்?

வியூக கேம்களும் நகரம் கட்டும் கேம்களும்தான் உங்கள் விருப்பம் என்றால் கன்ட்ரோலரே வேண்டாம். மவுஸ் செய்யும் வேலையை அங்கே ஸ்டிக்கால் செய்ய முடியாது.

கார் ஓட்டும் கேம்களுக்கு ட்ரிகர்தான் உயிர். அது எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு என்று அளந்து சொல்வதாக இருக்க வேண்டும். எக்ஸ்-இன்புட்டில் ட்ரிகரின் அழுத்தம் 0 முதல் 255 வரை அளக்கப்படுகிறது. ஸ்விட்ச் ப்ரோவின் ட்ரிகர் அப்படியில்லை: ஒன்று முழுதாக அழுந்தும், அல்லது அழுந்தாது. அதில் கார் ஓட்டினால் ஆக்ஸிலரேட்டர் எப்போதும் தரையோடு ஒட்டியே கிடக்கும். வளைவில் சக்கரம் வழுக்கும். ஸ்விட்ச் வடிவில் செய்யப்படும் மற்ற நிறுவனங்களின் கன்ட்ரோலர்களிலும் இது அடிக்கடி உண்டு என்பதால், ‘அனலாக் ட்ரிகர்’ என்ற சொல் விவரக் குறிப்பில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

சண்டை கேம்களுக்கும் பக்கவாட்டில் ஓடும் இருபரிமாண கேம்களுக்கும் டி-பேட் முக்கியம். மலிவான கன்ட்ரோலர்களில் முதலில் கோட்டைவிடும் இடம் இதுதான். வலதுபக்கம் அழுத்தும்போது விரல் சற்றே சரிந்தால் மேல்பக்கமும் சேர்ந்து பதிவாகும். நடக்க வேண்டிய பாத்திரம் குதிக்கும். கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் ஸ்டிக்கை விட்டுவிட்டு டி-பேடைச் சோதியுங்கள்: கட்டைவிரலை வலப்பக்கம் அழுத்திப் பிடித்தபடியே மெல்ல ஆட்டிப் பாருங்கள். நடுமையம் கீழே அமிழ்ந்தால் அது நல்ல டி-பேட் அல்ல.

துப்பாக்கி கேம்களில் குறிபார்க்க ஸ்டிக் மட்டும் போதாது என்று சிலருக்குத் தோன்றும். அவர்களுக்குக் கைரோ உதவும்: ஸ்டிக்கால் தோராயமாகத் திருப்பி, கன்ட்ரோலரையே சற்று அசைத்து நுணுக்கமாகக் குறிவைக்கலாம். டூயல்ஷாக் 4, டூயல்சென்ஸ், ஸ்விட்ச் ப்ரோ மூன்றிலும் கைரோ உண்டு. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் இல்லை. பழக ஒரு வாரம் பிடிக்கும், ஆனால் பழகியவர்கள் திரும்பிப் போவது அரிது.

ஸ்டிக்: கன்ட்ரோலரின் ஆயுள் இங்கேதான்

கன்ட்ரோலர் வீணாவதற்கு முதல் காரணம் ஸ்டிக் ட்ரிஃப்ட். விரல் படாமலேயே கேமரா ஒரு பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும், பாத்திரம் தானாக நடக்கும்.

வழக்கமான ஸ்டிக்கின் அடியில் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள் இருக்கின்றன. ஒன்று இடவலத்துக்கு, இன்னொன்று மேல்கீழுக்கு. ஒவ்வொன்றுக்குள்ளும் மெல்லிய கரிப்பூச்சுப் பாதை. அதன்மேல் சிறு உலோக நாக்கு ஒன்று உரசியபடி நகர்கிறது. நாக்கு நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்தடை மாறும். அதை வைத்து ஸ்டிக் எங்கே இருக்கிறது என்று கன்ட்ரோலர் அறிகிறது. உரசல் இருக்கும் இடத்தில் தேய்மானமும் இருக்கும். அதிகம் உரசும் இடம் நடுமையத்தின் சுற்றுவட்டாரம் என்பதால் பாதை முதலில் அங்கேதான் தேயும். உதிர்ந்த தூள் பாதையிலேயே கிடக்க, அளவு தாறுமாறாகும். எக்ஸ்பாக்ஸின் வழக்கமான கன்ட்ரோலர், டூயல்சென்ஸ், ஸ்விட்ச் ப்ரோ எல்லாவற்றிலும் இருப்பது இந்த வகைதான்.

ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கில் உரசல் கிடையாது. ஸ்டிக்கின் அடியில் ஒரு காந்தம். அதன் புலம் மாறுவதைத் தொடாமலே உணரும் சென்சார். புதுக் கண்டுபிடிப்பும் அல்ல: 1998இல் வந்த சேகா ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே இது இருந்தது. டிஎம்ஆர் என்று இப்போது வரும் வகையும் காந்தத்தை உணர்வதுதான், ஆனால் குறைவான மின்சாரத்தில் இன்னும் நுணுக்கமாக அளக்கும். தினமும் விளையாடுகிறவருக்கு இந்த இரண்டில் ஒன்றைப் பரிந்துரைப்போம்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது: ‘ஹால் எஃபெக்ட்’ என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தாலும், அது ட்ரிகரை மட்டும் குறிக்கலாம். ட்ரிகரில் தேய்மானம் பெரிய பிரச்சினையே இல்லை. ‘ஸ்டிக்’ அல்லது ‘ஜாய்ஸ்டிக்’ என்ற சொல் அதோடு சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். இரண்டாவது: ஸ்டிக்கை நடுவுக்குத் திருப்பும் ஸ்பிரிங் தளர்ந்தால் ஹால் ஸ்டிக்கும் நடுவிலிருந்து கொஞ்சம் விலகி நிற்கும். கேலிபிரேட் செய்தால், அதாவது நடுமையம் எது என்று கன்ட்ரோலருக்கு மறுபடி சொல்லிக்கொடுத்தால், இதைச் சரிசெய்துவிடலாம். எனவே கேலிபிரேஷன் வசதி உள்ள கன்ட்ரோலரா என்று விவரக் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பியா, டாங்கிளா, ப்ளூடூத்தா?

கணினிக்கு எதிரிலேயே மேசையில் உட்கார்ந்து விளையாடுவீர்கள் என்றால் கம்பிதான் சிறந்தது. சார்ஜ் கவலை இல்லை, இணைப்பு அறுந்துபோகாது, விலையும் குறையும். கேபிள் கன்ட்ரோலரோடு ஒட்டியே வருவதைவிடக் கழற்றி மாட்டுவதாக இருப்பது நல்லது. முதலில் அறுவது கேபிள்தான். ஒட்டி வந்திருந்தால் கன்ட்ரோலரையே மாற்ற நேரும். போர்ட் யுஎஸ்பி-சி ஆக இருக்கட்டும். பழைய மைக்ரோ யுஎஸ்பி போர்ட் நாளடைவில் ஆட்டம் கண்டுவிடும்.

தூரத்தில் சோஃபாவில் உட்கார்ந்து விளையாடுவோர் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளோடு (கணினியின் யுஎஸ்பி போர்ட்டில் செருகும் சிறு ரிசீவர்) வரும் கன்ட்ரோலரை எடுக்கலாம். செருகினால் போதும், ஜோடி சேர்க்கும் வேலை பெரும்பாலும் இருக்காது. தாமதமும் ப்ளூடூத்தைவிடப் பொதுவாகக் குறைவு. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலருக்கு டாங்கிள் தனியாக விற்கப்படுகிறது; அதில் எட்டு கன்ட்ரோலர்கள் வரை சேர்க்கலாம். கன்ட்ரோலரிலேயே ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்க வேண்டும் என்றால் இந்த டாங்கிளோ கம்பியோ கட்டாயம் வேண்டும். ப்ளூடூத்தில் இணைத்தால் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரின் 3.5 மில்லிமீட்டர் துளையில் சத்தம் வராது.

ப்ளூடூத்தில் கூடுதல் பொருள் எதுவும் வேண்டாம் என்பது லாபம். ஆனால் கணினியில் உள்ள ப்ளூடூத் 4.0 அல்லது அதற்குப் பிந்தையதா என்று பார்க்க வேண்டும். பழைய அடாப்டரோடு புதிய எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் சேருவதும் அறுவதுமாக இருக்கும். டூயல்சென்ஸின் எதிர்த்து அழுத்தும் ட்ரிகரும் நுண்ணதிர்வும் பெரும்பாலான கணினி கேம்களில் கேபிள் செருகினால்தான் வேலை செய்யும். அதற்காகவே டூயல்சென்ஸ் வாங்குபவர் இதைத் தெரிந்து வாங்க வேண்டும்.

டாங்கிளை எங்கே செருகுகிறீர்கள் என்பதும் முக்கியம். யுஎஸ்பி 3 போர்ட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும். மேசைக் கணினியின் பின்பக்கம், இரும்புப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே, வெளி ஹார்ட் டிஸ்க் மாட்டிய போர்ட்டுக்குப் பக்கத்தில் டாங்கிளைச் செருகிவிட்டு ‘அழுத்தினால் சில சமயம் பதிவாகவில்லை’ என்று தவிப்பவர்கள் ஏராளம். முன்பக்க யுஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிளில் செருகி மேசைமேல் கண்ணுக்குத் தெரிய வையுங்கள். பெரும்பாலும் அத்தோடு தீர்ந்துவிடும்.

போலிங் ரேட் என்ற எண்ணைப் பெட்டியில் பெரிதாகப் போடுவார்கள். கணினிக்கு நொடிக்கு எத்தனை முறை தகவல் போகிறது என்பதே அது. 125 என்றால் 8 மில்லிவினாடிக்கு ஒருமுறை, 250 என்றால் 4, 1000 என்றால் 1. நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் கேமில் ஒரு ஃப்ரேமே 16.7 மில்லிவினாடி. சண்டை கேம் போட்டிகளில் இறங்குவோரைத் தவிர மற்றவர்கள் இந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். டிவியில் விளையாடுகிறவர் அதன் கேம் மோடை ஆன் செய்வதால் கிடைக்கும் வேகம் இதைவிட அதிகம்.

பேட்டரியில் இரண்டு வகைகள். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலருக்கு இரண்டு ஏஏ பேட்டரி. சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் வகையில் நான்கு வாங்கிவைத்தால் இரண்டு உள்ளே, இரண்டு சார்ஜரில் என்று மாற்றி மாற்றிப் போடலாம். பேட்டரி கிழடானால் கன்ட்ரோலருக்கு ஒன்றும் ஆகாது. டூயல்ஷாக் 4-இல் 1000, டூயல்சென்ஸில் 1560 மில்லியாம்ப்-மணி லித்தியம் பேட்டரி உள்ளேயே இருக்கிறது. சில ஆண்டுகளில் தாங்கும் நேரம் குறையும். மாற்ற வேண்டுமென்றால் திருகு கழற்றித் திறக்க வேண்டும்.

கையில் பிடித்துப் பார்ப்பது

இடது ஸ்டிக் மேலே, டி-பேட் கீழே இருப்பது எக்ஸ்பாக்ஸ் அமைப்பு. இரண்டு ஸ்டிக்கும் கீழே பக்கத்துப் பக்கத்தில் இருப்பது ப்ளேஸ்டேஷன் அமைப்பு. எது மேல் என்ற சண்டையில் இறங்க வேண்டாம். ஏற்கெனவே ஒன்றில் விளையாடிப் பழகியிருந்தால் அதையே எடுங்கள். எடையும் கவனிக்கத்தக்கது: டூயல்ஷாக் 4 சுமார் 210 கிராம், டூயல்சென்ஸ் சுமார் 280. சிறிய கைகளுக்கும் குழந்தைகளுக்கும் இந்த 70 கிராம் வித்தியாசம் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். பிடித்த பிடியிலேயே சுட்டுவிரல் பம்பருக்கும் ட்ரிகருக்கும் தாவ முடிய வேண்டும். கட்டைவிரலை வலது ஸ்டிக்கிலிருந்து ஏ பட்டனுக்குக் கொண்டுபோகும்போது உள்ளங்கை நகர்ந்தால் அது உங்கள் கைக்கு மிகப் பெரியது.

நின்டெண்டோ அமைப்பில் ஏ, பி இரண்டும் இடம் மாறி இருக்கும். எக்ஸ், ஒய்யும் அப்படியே. திரையில் ‘ஏ’ என்று வரும்போது விரல் தவறான பட்டனுக்குப் போகும். ஸ்டீமில் நின்டெண்டோ பட்டன் அமைப்பு என்ற தேர்வு இருக்கிறது, ஆன் செய்துகொள்ளலாம்.

பழைய கன்ட்ரோலர் வாங்குவோருக்கு

பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலர் வாங்கினால் முன்பக்கம், எக்ஸ்பாக்ஸ் பட்டனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைப் பாருங்கள். அது பம்பர்களோடு சேர்ந்த பளபளப்பான துண்டாக இருந்தால் ப்ளூடூத் கிடையாது. முகப்போடு ஒரே துண்டாக இருந்தால் ப்ளூடூத் உண்டு. இது 2016இல் வந்த வடிவம். யுஎஸ்பி-சி போர்ட்டும் நடுவில் ஷேர் பட்டனும் இருந்தால் 2020இல் வந்தது. ஸ்டிக்கின் ரப்பர் வழவழப்பாகித் தேய்ந்திருந்தால் உள்ளே இருக்கும் பாதையும் அதே அளவுக்கு உழைத்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். புத்தம்புதிய டூயல்ஷாக் 4 நம்ப முடியாத விலையில் வந்தால் போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். அவற்றில் கைரோவும் ப்ளூடூத் இணைப்பும்தான் அடிக்கடி காலை வாரும்.

வாங்கிய முதல் நாள் சோதனை

திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். ஒரு மணி நேரம் போதும்.

1. முதலில் கேபிளில் இணையுங்கள். விளக்கு எரிந்தும் விண்டோஸ் கண்டுகொள்ளவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜுக்கு மட்டுமான கேபிள்களில் தகவல் போகும் இழைகளே இருக்காது. போன் சார்ஜரோடு வந்த மலிவுக் கேபிளை மாட்டிவிட்டு கன்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

2. ஸ்டார்ட் மெனுவின் தேடுபெட்டியில் ‘செட் அப் யுஎஸ்பி கேம் கன்ட்ரோலர்ஸ்’ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். திறக்கும் பட்டியலில் உங்கள் கன்ட்ரோலரைத் தேர்ந்து ப்ராப்பர்டீஸ் போனால் சோதனைப் பக்கம் வரும். ஒவ்வொரு பட்டனையும் பத்து முறை அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் எண் ஒளிர வேண்டும். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் இரண்டு ட்ரிகரையும் சேர்த்து அழுத்தினால் பட்டை நடுவிலேயே நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இந்தப் பக்கம் பழைய டைரக்ட்-இன்புட்டில் படிக்கிறது. அதில் இரண்டு ட்ரிகரும் ஒரே அச்சின் இரு முனைகள் என்பதால் ஒன்றை ஒன்று ரத்துசெய்துவிடும். கேமில் தனித்தனியாகவே வேலை செய்யும்.

3. ஸ்டிக்கை எண்களால் சோதியுங்கள். பிரவுசரிலேயே இயங்கும் கேம்பேட் சோதனைப் பக்கங்கள் பல உண்டு. ஸ்டிக்கின் இடத்தை -1 முதல் 1 வரையிலான எண்ணாகக் காட்டும். ஸ்டிக்கை வலக்கோடிக்குத் தள்ளிச் சட்டென விடுங்கள். பிறகு இடது, மேல், கீழ். ஒவ்வொரு முறையும் எந்த எண்ணில் வந்து நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 0.05க்குள் நின்றால் நல்லது. புதுக் கன்ட்ரோலர் 0.1ஐத் தாண்டி நின்றாலோ, விரல் படாதபோது எண் துள்ளிக்கொண்டே இருந்தாலோ, யோசிக்காமல் மாற்றிக் கேளுங்கள். ஓரங்களில் முழுதாக 1ஐத் தொடுகிறதா என்றும் பாருங்கள். தொடாவிட்டால் கேமில் முழு வேகத்தில் ஓட முடியாது.

4. அதன்பின் கம்பியில்லா இணைப்பு. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரை ஆன் செய்து, மேல்விளிம்பில் உள்ள சிறு பட்டனை விளக்கு வேகமாகச் சிமிட்டும்வரை சுமார் மூன்று நொடி பிடியுங்கள். டூயல்சென்ஸை முதலில் முழுதாக ஆஃப் செய்துவிட்டு, டச்பேடுக்கு இடப்பக்கம் உள்ள க்ரியேட் பட்டனையும் பிஎஸ் பட்டனையும் சேர்த்துப் பிடியுங்கள். ஸ்விட்ச் ப்ரோவில் சார்ஜ் போர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பட்டன். விண்டோஸின் ப்ளூடூத் அமைப்பில் ‘சாதனத்தைச் சேர்’ கொடுத்தால் பட்டியலில் வரும்.

5. நீங்கள் உட்காரும் இடத்திலிருந்தே அரை மணி விளையாடிப் பாருங்கள். இணைப்பு அறுகிறதா, அதிர்வு இரண்டு பக்கமும் வருகிறதா என்பதெல்லாம் இதில் தெரியும்.

பிறகு வரும் தொல்லைகள்

மெனுவில் ஒருமுறை அழுத்தினால் இரண்டு இடம் தாவுகிறதா? கேம் கன்ட்ரோலரை நேரடியாகவும் படிக்கிறது, ஸ்டீம் இன்புட் உருவாக்கும் போலி எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் வழியாகவும் படிக்கிறது என்று பொருள். ப்ளேஸ்டேஷன் கன்ட்ரோலரை நேரடியாக ஆதரிக்கும் கேம்களில் இது அடிக்கடி வரும். ஸ்டீமில் அந்தக் கேமின் ப்ராப்பர்டீஸில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய், அந்த ஒரு கேமுக்கு மட்டும் ஸ்டீம் இன்புட்டை அணையுங்கள்.

கன்ட்ரோலர் சோதனையில் சரியாக இருந்தும் கேமில் கேமரா தானாகச் சுற்றினால், கணினியில் வேறென்ன செருகியிருக்கிறது என்று பாருங்கள். பழைய ஸ்டீயரிங் வீல், மூலையில் கிடக்கும் இன்னொரு கன்ட்ரோலர் எல்லாமே கேமின் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும். கேமைத் திறக்கும் முன் அவற்றைக் கழற்றுங்கள்.

நடு விளையாட்டில் விண்டோஸின் கேம் பார் திறந்துகொண்டால் அதற்குக் காரணம் எக்ஸ்பாக்ஸ் பட்டன். விண்டோஸ் அமைப்புகளில் கேமிங் பகுதியில் அதை அணைக்கலாம். சில நிமிடம் தொடாமல் இருந்த பிறகு கம்பியில் உள்ள கன்ட்ரோலர் விழிக்க மறுத்தால், டிவைஸ் மேனேஜரில் அந்த யுஎஸ்பி போர்ட்டின் மின்சேமிப்புத் தேர்வை எடுத்துவிடுங்கள்.

ட்ரிஃப்ட் தொடங்கிவிட்ட கன்ட்ரோலருக்கு முதல் மருந்து டெட்ஸோன்: நடுமையத்தைச் சுற்றி எவ்வளவு அசைவைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று சொல்வது. எக்ஸ்-இன்புட்டுக்கு மைக்ரோசாஃப்ட் பரிந்துரைத்த அளவு இடது ஸ்டிக்குக்கு 32767இல் 7849, வலதுக்கு 8689. அதாவது ஏறத்தாழ கால்வாசி. அந்த அளவையே வைத்திருக்கும் கேம்களில் லேசான ட்ரிஃப்ட் கண்ணுக்கே தெரியாது. ஒரு கேமில் வரும் ட்ரிஃப்ட் இன்னொன்றில் வராமல் போவதற்கு இதுதான் காரணம். கேமின் அமைப்புகளில் டெட்ஸோன் இருந்தால் 5 சதவீதத்தில் தொடங்கி, நகர்வு நிற்கும்வரை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். நின்ற இடத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம். குறிபார்க்கும் நுணுக்கம் போய்விடும். கேமில் இல்லையென்றால் ஸ்டீமின் கன்ட்ரோலர் அமைப்பில் இருக்கிறது. விண்டோஸின் அந்தப் பழைய சோதனைப் பக்கத்தில் கேலிபிரேட் செய்வது மட்டும் பயன்படாது. எக்ஸ்-இன்புட் கேம்கள் அதைப் பார்ப்பதே இல்லை.

இருபது சதவீதம் ஏற்றியும் நிற்கவில்லை என்றால், கன்ட்ரோலரை அணைத்து, பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு, 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஸ்டிக்கின் அடிப்பகுதியைச் சுற்றித் துடையுங்கள். ஸ்டிக்கை எல்லாப் பக்கமும் இருபது முப்பது முறை சுழற்றி, நன்றாகக் காயவிட்டு ஆன் செய்யுங்கள். தூசியால் வந்த ட்ரிஃப்ட் என்றால் சரியாகிவிடும். சில நாளில் திரும்பி வந்தால் பாதையே தேய்ந்துவிட்டது. ஸ்டிக் பகுதியைச் சால்டரிங் செய்து மாற்றத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். டூயல்சென்ஸ் எட்ஜ் என்ற மாடலில் ஸ்டிக் பகுதியைக் கையால் கழற்றிப் புதிதாக மாட்டிக்கொள்ளலாம், அந்தப் பகுதி தனியாக விற்பனைக்கு வருகிறது.